கோச் கொடுத்த வாக்கு கோர்ட்டில் நிற்குமா?

கேள்வி இது. மகள் அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், நீச்சல் வீராங்கனை. டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் முதல் நிலை) கல்லூரி ஒன்றின் கோச் போன வருடம் போனில் "உனக்கு டீமில் இடம் உண்டு" என்று சொன்னார். அதை நம்பி மற்றக் கல்லூரிகளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். இப்போது "ரோஸ்டர் (டீம் பட்டியல்) நிறைந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று நாலு வரியில் ஈமெயில் வந்திருக்கிறது. வக்கீலைப் பார்க்கலாம் என்கிறார் அப்பா. கல்லூரி விளையாட்டுத் துறையின் தலைவரான அத்லெட்டிக் டைரக்டரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்கிறார் அம்மா. வழக்குப் போட்டால் நிற்குமா? பெற்றோர் எந்த அளவுக்கு அழுத்தம் கொடுக்கலாம்?

சுருக்கமான பதில்: அந்த போன் பேச்சை மட்டும் நம்பிப் போடும் வழக்கு பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே தள்ளுபடியாகும். அம்மா கூப்பிடுவதால் இடம் திரும்பக் கிடைக்காது. ஆனால் மகள் அடுத்து எழுதப்போகும் கோச்சின் காதுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரலாம். நீச்சல் கோச்சுகளின் உலகம் சின்னது. அதற்காக கோச்சைச் சட்டம் தொடவே தொடாது என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் பலமாகவே தொடும். பெற்றோர் பலர் சட்டம் வலுவாக இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளாமல், அது கைவிரிக்கும் இடத்தில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த வாக்கின் மதிப்பு. ரெக்ரூட்டிங்கில், அதாவது விளையாட்டுக்காக மாணவர்களைத் தேடிச் சேர்ப்பதில், 'வெர்பல் கமிட்மென்ட்' என்ற வாய்மொழி வாக்கு இரண்டு பக்கத்தையும் கட்டாது. உங்கள் மகள் மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் கோச் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவருக்கும் அதே சுதந்திரம்தான். கல்லூரித் தொப்பி மாட்டிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் போட்ட படத்துக்கும் சட்டத்தில் மதிப்பு இல்லை. நாள்காட்டியைப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும். பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் டிவிஷன் ஒன் கோச் மாணவியிடம் ரெக்ரூட்டிங் பற்றிப் பேசலாம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிக்கு நேரில் வரச் சொல்லலாம். எழுத்தில் உதவித்தொகை ஆஃபர் கொடுப்பது பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல்தான். கையெழுத்து நவம்பர் இரண்டாவது புதன்கிழமையில் தொடங்கும். ஆக, முதல் பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினேழு மாதம். அத்தனை மாதமும் வெறும் வாய்ச்சொல்தான். கோச் வேலை மாறுவார், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இரண்டு நொடி வேகமான ஒருத்தி கிடைப்பாள், பட்ஜெட் குறையும். எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

இன்னொரு குழப்பம். 1964 முதல் இருந்துவந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற தாளை 2024 அக்டோபரில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ ஒழித்துவிட்டது. அது இன்னும் வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது கையெழுத்தாவது கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தம் மட்டுமே. அதில் கல்லூரி தரப்பில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோச் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது, நிதி உதவி அலுவலகத்தின் கையெழுத்து வேண்டும். அடுத்து, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். 1973 முதல் ரொம்ப காலம் ஒரு வருட உதவித்தொகைதான் கொடுத்தார்கள். 2012 முதல் பல வருடத்துக்கும் எழுதலாம் என்று ஆனது. ஆனால் 'எழுதலாம்' என்பதுதான் விதி, 'எழுத வேண்டும்' என்பதல்ல. தாளில் '2026-27' என்று மட்டும் இருந்தால் அது ஒரு வருடம்தான். "நாலு வருஷமும் பார்த்துக்கிறோம்" என்று கோச் சொன்னது அந்தத் தாளில் ஏறாது. பிறகு தொகை: முழுக் கல்விக் கட்டணமா, பாதியா, தங்கும் செலவும் சாப்பாடும் சேர்த்தா, புத்தகத்துக்கு மட்டுமா. 'அத்லெட்டிக் ஸ்காலர்ஷிப்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிரித்துப் பார்த்தால் புத்தகச் செலவு மட்டும் இருக்கும் தாள்களும் உண்டு. கடைசியாக ரத்து செய்யும் பிரிவு. படிப்புத் தகுதி இழந்தால், விண்ணப்பத்தில் பொய் சொன்னால், பெரிய ஒழுங்கீனம் நடந்தால், தானாக விலகினால் நடுவிலேயே நிறுத்தலாம். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் ஜூலை 1க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு வாய்ப்பும் தர வேண்டும். அந்த விசாரணையை நடத்துவது விளையாட்டுத் துறை அல்ல. இது பெற்றோர் பலருக்குத் தெரியாத, உண்மையிலேயே பயன்படும் ஒரு உரிமை.

கவனியுங்கள், இந்தத் தாள் எதிலும் 'டீமில் இடம்' என்று ஒரு வார்த்தை இருக்காது. பணம் தருகிறோம் என்றுதான் இருக்கும். ரிலேயில் நீந்துவாளா, மீட்டுக்கு (போட்டிக்கு) போகும் பட்டியலில் இருப்பாளா என்பதெல்லாம் கோச்சின் முடிவு. அதில் கோர்ட் கை வைக்காது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் டிவிஷன் த்ரீயிலும் அத்லெட்டிக் உதவித்தொகையே கிடையாது. அங்கே கோச்சால் செய்ய முடிவதெல்லாம் அட்மிஷன் அலுவலகத்தில் உங்கள் மகளின் பெயரை முன்வைப்பது மட்டும். கோச் "என் ஆதரவு உனக்கு முழுமையாக உண்டு" என்று எழுதுவதும், இடம் அநேகமாக உண்டு என்று அட்மிஷன் அலுவலகமே அனுப்பும் 'லைக்லி லெட்டர்' கையில் இருப்பதும் வேறு வேறு.

கோர்ட் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது என்பதற்குத் தெளிவான உதாரணம் ட்யூக் பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் வழக்கு. நியூயார்க் மேயராக இருந்த ரூடி ஜூலியானியின் மகன் ஆண்ட்ரூவை கோல்ஃபுக்குச் சேர்த்தவர் ராட் மையர்ஸ் என்ற கோச். அவர் 2007இல் இறந்துபோனார். புதிதாக வந்த கோச் 2008 பிப்ரவரியில் ஆண்ட்ரூவை டீமிலிருந்து நீக்கினார். பயிற்சி வசதிகளை வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று சேர்க்கும்போது வாக்குக் கொடுத்தார்கள், மாணவர் கையேட்டிலும் விதிகள் இருக்கின்றன, எனவே ஒப்பந்தம் மீறப்பட்டது என்பது வழக்கு. வழக்கைத் தள்ளச் சொல்லிப் பரிந்துரைத்த மாஜிஸ்திரேட் நீதிபதி, கோல்ஃப் வார்த்தைகளிலேயே கிண்டல் செய்து எழுதினார். மாணவர் கையேடு ஒப்பந்தம் ஆகாது என்பதுதான் சாரம். 2010இல் வழக்கு தள்ளுபடி. வாக்குக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தாளில் ஒன்றும் இல்லை. பெரிய வக்கீல் குடும்பம் என்பதெல்லாம் அங்கே உதவவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் கெவின் ராஸ் வழக்கு. க்ரெய்டன் பல்கலைக்கழகம் 1978இல் கூடைப்பந்துக்காகச் சேர்த்த மாணவர். 1982இல் வெளியே வரும்போது அவருடைய வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு அளவில் இருந்தது. "கல்வி சரியாகத் தரவில்லை" என்று பொதுவாக வழக்குப் போட முடியாது என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'ட்யூஷன் ஏற்பாடு செய்வோம்' என்பது மாதிரி குறிப்பிட்ட ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு அதைச் செய்யவே இல்லை என்று காட்டினால், அது ஒப்பந்த மீறல் வழக்காக நிற்கும் என்றும் சொன்னது. வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நன்றாகப் பார்த்துக்கொள்வோம்' காற்றோடு போகும். 'வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ட்யூட்டர்' என்றால் பிடி இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நடந்ததன் பின்னணி, கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசமாக இருக்க வாய்ப்பு அதிகம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி க்ளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். முன்னாள் வீரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர். 2025-26இல் ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களுக்கு நேரடியாகச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். செய்தியில் இதுதான் வந்தது. நீச்சல் குடும்பங்களைத் தொட்டது அதன் வால் பகுதி. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34, பெண்கள் சாக்கருக்கு 28, நீச்சலும் டைவிங்கும் சேர்த்து ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 30. முன்பு பெண்கள் நீச்சலுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் அளவுதான் பணம் இருக்கும். ஆனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பணமே வாங்காத 'வாக்-ஆன்' பிள்ளைகளையும் சேர்த்து, டீமை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போது முப்பத்தொன்றாவது ஆள் இலவசமாக வருகிறேன் என்றாலும் இடமில்லை. சமரசத்துக்கு ஒத்துக்கொண்ட கல்லூரிகளுக்கு மட்டும்தான் இந்த வரம்பு, எல்லா டிவிஷன் ஒன் கல்லூரிக்கும் அல்ல. எனவே மகள் அடுத்து எழுதும் ஒவ்வொரு கோச்சிடமும் முதலில் கேட்க வேண்டியது: "உங்கள் கல்லூரி ஒத்துக்கொண்டதா? 2026 இலையுதிர்காலத்தில் ரோஸ்டரில் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர்?"

இந்த வரம்பால் ஏற்கெனவே இடம் இழந்தவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று வில்கன் பிடிவாதமாக நின்றதால்தான் ஒப்புதல் தள்ளிப்போனது. அப்படிப்பட்டவர்களைத் தனிப்பட்டியலில் வைத்து, எண்ணிக்கையில் சேர்க்காமல் டீமில் வைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் அனுமதிதான், கட்டாயமில்லை. 2025-26க்கு வாக்குக் கொடுக்கப்பட்டவர்களுக்கான ஏற்பாடு என்பதால், அடுத்த வருடம் சேரப்போகும் உங்கள் மகளுக்கு இது பொருந்தாது.

பணம் சம்பந்தப்பட்ட வாக்கு இன்னும் வழுக்கலான தரை. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். ஜேடன் ரஷாடா என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அப்போதைய கோச் பில்லி நேப்பியர் மீதும் சிலர் மீதும் 2024 மே மாதம் வழக்குப் போட்டார். 1 கோடியே 38.5 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள், கையெழுத்துப் போட்டால் உடனே 10 லட்சம் டாலர் வரும் என்று கோச் அப்பாவிடம் சொன்னார் என்பது அவர் தரப்பு. இந்த வழக்கு ஒப்பந்த மீறலை விட மோசடி, பொய் வாக்கு என்ற பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் தெரியாத நன்கொடையாளர் குழு தரும் பணத்துக்கு கோச் வாய்மொழியாக உறுதி சொன்னால், அந்தக் குழுவின் கையெழுத்து இல்லாமல் அது வெறும் பேச்சு. இப்போது 600 டாலரும் அதற்கு மேலுமான வெளி ஒப்பந்தங்களைப் பதிவு செய்து சரிபார்க்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. அங்கே பதிவாகாத வாக்கை யாரும் மதிக்கப்போவதில்லை. நீச்சலில் இவ்வளவு பணம் புரளாது, அது வேறு விஷயம்.

இனி பெற்றோர் அழுத்தம். அமெரிக்கக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டால், ஃபெர்பா என்ற சட்டப்படி மாணவர் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடும். பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் கல்லூரியில் சேர்ந்தாலே போதும். வரிக் கணக்கில் பிள்ளையைத் தங்களைச் சார்ந்திருப்பவராகப் பெற்றோர் காட்டியிருந்தால் கல்லூரி பெற்றோருக்குத் தகவல் தரலாம், தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "ஃபீஸ் கட்டுவது நான், எனக்குச் சொல்ல மாட்டீர்களா" என்ற வாதம் அங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான். கோச் திமிராக இருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அவருக்கு, விதிகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் ஆபீஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கும்.

ரெக்ரூட்டிங் கட்டத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஈமெயிலை அப்பா எழுதி மகள் பெயரில் அனுப்புவது. கோச் ஒருவர் சீசனில் நூற்றுக்கணக்கில் ஈமெயில் பார்க்கிறார். பதினேழு வயதுப் பெண் எழுதியதா, நாற்பத்தெட்டு வயது மேனேஜர் எழுதியதா என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். போனில் மகளிடம் கேட்ட கேள்விக்குப் பக்கத்திலிருந்து அப்பா பதில் சொல்வதும் அதே ரகம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் தகுதியாக இருந்தால், சத்தம் இல்லாத பெற்றோரின் பிள்ளையைத்தான் கோச் எடுப்பார். இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், வழக்குப் போடவும் முடியாது.

புகார் சொல்லவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சொல்லும் வரிசை முக்கியம். முதலில் மகளே உதவி கோச்சிடம், பிறகு தலைமை கோச்சிடம். அதன்பின் அந்த விளையாட்டைக் கவனிக்கும் நிர்வாகி. அத்லெட்டிக் டைரக்டர் அதற்கும் மேலே. மீட் முடிந்த அன்றே பேசாமல் ஒரு நாள் விடுவது பல டீம்களில் எழுதாத விதி. விளையாடும் நேரத்தைப் பற்றிப் புகார் சொன்னால் அந்த ஈமெயில் அப்படியே மூடப்படும். காயத்தோடு நீந்தச் சொன்னார்கள், வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற பயிற்சி வரம்பை மீறுகிறார்கள், இனத்தையோ உடலையோ வைத்து இழிவாகப் பேசினார்கள் என்றால் நிர்வாகி அதை மூடி வைக்க முடியாது, விசாரித்தே ஆக வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் குளம், யார் யார் கூட இருந்தார்கள், என்ன வார்த்தை: இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். 'எப்போதும் திட்டுகிறார்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது.

பெற்றோர் புகார் ஒன்று கோச்சின் வேலையையே பறித்த கதை டெக்சஸ் டெக்கில் நடந்தது. 2009 டிசம்பரில் தலையில் அடிபட்ட ஒரு வீரரை ஃபுட்பால் கோச் மைக் லீச் இருட்டான ஒரு கொட்டகையில் நிற்கவைத்தார் என்று குற்றச்சாட்டு. வீரரின் அப்பா க்ரெய்க் ஜேம்ஸ், இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் விமர்சகர். குடும்பம் பல்கலைக்கழகத்திடம் புகார் செய்தது. லீச் தவறு செய்யவில்லை என்று மறுத்தார். டிசம்பர் 28இல் சஸ்பெண்ட், 30இல் வேலை நீக்கம். மறுநாள் அவருக்கு 8 லட்சம் டாலர் போனஸ் வர வேண்டியிருந்தது. லீச் வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம், அதன் மீது ஒப்பந்த மீறலுக்குப் பணம் கேட்டு வழக்குப் போட அரசே அனுமதிக்க வேண்டும் என்று சொல்லித் தள்ளினார்கள். 2012இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்துவிட்டது. அவர் பல வருட ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர், அவருக்கே இந்தக் கதி. உங்கள் மகள் பேசிய கல்லூரி அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா என்பதை வக்கீல் முதலில் கேட்பது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் கணக்கு இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகம் 2014இல் வீராங்கனைகள் சிலரின் புகாரை அடுத்து ஃபீல்ட் ஹாக்கி கோச் ட்ரேசி க்ரீஸ்பாமை நீக்கியது. உள் விசாரணையில் விதிமீறல் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கோச்சும் அவருடைய துணைவியான மூத்த விளையாட்டு நிர்வாகி ஜேன் மேயரும் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். மேயருக்கு ஜூரி 14 லட்சத்துக்கு மேல் டாலர் கொடுத்தது. பிறகு 2017 மே மாதம் இரண்டு வழக்கும் சேர்த்து 65 லட்சம் டாலரில் சமரசம். அதிலிருந்து கல்லூரிகள் பாடம் படித்திருக்கின்றன. ஒரு ஈமெயிலைப் பார்த்துவிட்டு கோச்சை வெளியேற்றுவதில்லை, வெளியிலிருந்து வக்கீல் நிறுவனத்தை வைத்து விசாரிக்கிறார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். புகார் கொடுத்த பெற்றோரையும் உட்காரவைத்துக் கேட்பார்கள்.

அப்படிக் கேட்கும்போது வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட பதிவுகளும் வரும். யூட்டாவில் ஒரு உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து கோச், தன்னைப் பற்றிப் புகார் செய்த பெற்றோர் மீதே அவதூறு வழக்குப் போட்டார். 2007இல் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளி கோச் அரசு அதிகாரி வகையில் வரமாட்டார் என்றது. அதாவது அரசியல்வாதியைத் திட்டுவதற்கு இருக்கிற பாதுகாப்பு அவரைத் திட்டும்போது கிடைக்காது. அதே சமயம், தன் பிள்ளையின் நலனுக்காகப் பொறுப்பானவர்களிடம் சொல்லும் பேச்சுக்கு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பு உண்டு. எனவே நிர்வாகிக்குத் தனியாக, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். குளத்தோரம் நாற்பது பெற்றோர் இருக்கும் குழுவில் "அவன் பணம் வாங்கிக்கொண்டுதான் எடுக்கிறான்" என்று எழுதினால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். கோச்சின் போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வதும் அப்படித்தான். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பேசும் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்தால் குற்றம். ஆதாரம் திரட்டப் போய் நீங்களே சிக்கிக்கொள்வீர்கள்.

பணம் வாங்கினார்கள் என்றதும் 'வார்சிட்டி ப்ளூஸ்' நினைவுக்கு வரும். 2019 மார்ச் 12 அன்று வெளியானது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகு வீராங்கனைகளாகக் காட்ட உடற்பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். நடிகை லோரி லாக்லினும் கணவரும் இரண்டு மகள்களுக்காக 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அவருக்கு இரண்டு மாதம், கணவருக்கு ஐந்து மாதம் சிறை. ஜார்ஜ்டவுன் டென்னிஸ் கோச் கார்டன் எர்ன்ஸ்டுக்கு இரண்டரை வருடம், சிங்கருக்கு மூன்றரை வருடம். இது இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் எளிமையானது. ஃபுட்பால் டீமில் பொய் ஆளை நுழைத்தால் முதல் நாள் பயிற்சியிலேயே தெரியும். படகு, வாட்டர் போலோ, டென்னிஸ் மாதிரி டீம்களில் கோச் தரும் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்தில் யாரும் குளத்தில் இறங்கிச் சரிபார்ப்பதில்லை. இப்போது பல கல்லூரிகளில் கோச் கொடுத்த பெயரை இன்னொருவர் சரிபார்க்கிறார், சேர்ந்த பிறகு உண்மையிலேயே டீமில் இருக்கிறாரா என்றும் பார்க்கிறார். உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் பங்கு கேட்கும், அல்லது டீமுக்கு 'நன்கொடை' வழியாக வழி சொல்லும் ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

சட்டம் உண்மையில் பலமாக இருக்கும் இடம் உயிர். 1988 செப்டம்பரில் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் லக்ரோஸ் என்ற பந்து விளையாட்டின் பயிற்சியின்போது ஒரு மாணவர் இதயம் நின்று விழுந்தார். மைதானத்தில் வீரர்களின் காயத்தைக் கவனிக்கும் அத்லெட்டிக் ட்ரெய்னர் இல்லை, கோச்சுகளுக்கு சிபிஆர் (நின்ற இதயத்துக்கான முதலுதவி) சான்றிதழ் இல்லை. அருகிலிருந்த போன் 200 கெஜத்துக்கும் அப்பால், குறுக்கு வழியில் போனால் எட்டடி வேலியைத் தாண்ட வேண்டும். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கல்லூரி அவரை விளையாட்டுக்காகவே தேடிச் சேர்த்தது, எனவே அவரைப் பாதுகாக்கும் கடமை கல்லூரிக்கு உண்டு என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் மகளுக்கு இடம் வாங்கித் தராத அதே 'ரெக்ரூட்' என்ற சொல் இங்கே கடமையை உண்டாக்குகிறது. மேரிலாண்டில் 2018 மே 29 அன்று ஃபுட்பால் பயிற்சியில் வெப்ப வாதத்தால் சரிந்த ஜோர்டன் மெக்நேர் இரண்டு வாரத்தில் இறந்தார். உடல் வெப்பத்தை அளக்கவில்லை, குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அந்த முதல் அரை மணி நேரம்தான் உயிர். 2021இல் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர்.

நீச்சலுக்கு நேராக வரும் வழக்கு கலிஃபோர்னியாவின் கான் வழக்கு. பதினான்கு வயதுப் பள்ளி மாணவி ஆழம் குறைந்த பக்கத்தில் டைவ் அடித்துக் கழுத்தை முறித்துக்கொண்டாள். உன்னை டைவ் அடிக்கச் சொல்ல மாட்டேன் என்று சொன்ன கோச், மீட் அன்று மாற்றிச் சொல்லி, மறுத்தால் டீமில் இடமில்லை என்று மிரட்டினார் என்பது அவள் தரப்பு. கடினமாகப் பயிற்சி கொடுத்தார் என்பதற்காக கோச் பொறுப்பாக மாட்டார், ஆனால் கண்மூடித்தனமாக நடந்திருந்தால் பொறுப்பாவார், அதை ஜூரி பார்க்கட்டும் என்று 2003இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே கல்லூரிக்குப் போய்ப் பார்க்கும் நாளில் லாக்கர் ரூம் பளபளப்பை விட்டுவிட்டு, குளத்தோரம் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) எங்கே மாட்டியிருக்கிறது, காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு ட்ரெய்னர் வருவாரா, அந்த ட்ரெய்னரின் மேலதிகாரி கோச்சா மருத்துவரா என்று கேளுங்கள். ட்ரெய்னர் கோச்சுக்குக் கீழே வேலை பார்த்தால், "இவள் இன்றைக்கு நீந்தக் கூடாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இப்போது உங்கள் மகள் செய்ய வேண்டியது. இன்றைக்கே கோச்சுக்கு அவளே நாலு வரி எழுதட்டும்: போன வருடம் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பதை நினைவூட்டி, இப்போது இடம் இல்லை என்பது ரோஸ்டர் காரணமா, அவளுடைய நீச்சல் டைம் காரணமா, அட்மிஷன் விண்ணப்பத்துக்கு அவருடைய ஆதரவு இன்னும் உண்டா என்று மூன்று கேள்வி. கோபம் வேண்டாம், சிசியில் உங்கள் பெயரும் வேண்டாம். அந்தப் பதில் எழுத்தில் வந்தால் போதும். நீச்சல் டைம்களையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து முப்பது நாற்பது கல்லூரிகளின் உதவி கோச்சுகளுக்கு இந்த வாரமே எழுதட்டும். வசந்தத்தில் போர்ட்டல் வழியாக வெளியேறுகிறவர்களால் சில இடங்கள் திறக்கும். சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளாத கல்லூரிகளையும் டிவிஷன் டூவையும் த்ரீயையும் பட்டியலில் வையுங்கள்.

வக்கீலிடம் போவது ஒரே நிலையில்தான் காசுக்குப் பெறும்: இந்த வாக்கை நம்பி, வேறு கல்லூரி எழுத்தில் கொடுத்த ஆஃபரை மகள் மறுத்திருந்தால். அந்த மறுத்த கடிதம், அதன் தொகை, கோச்சின் மெசேஜ்கள், தேதிகள் எல்லாம் இருந்தால், நம்பியதால் வந்த நஷ்டம் என்ற வழியில் கேட்க இடம் இருக்கிறது. எழுதுவதை நிறுத்தினாள் என்பது மட்டும் போதாது. அரசுக் கல்லூரி என்றால் நாள் கணக்கும் உண்டு. நியூஜெர்சியில் சில வகைக் கோரிக்கைகளுக்கு 90 நாளுக்குள், கலிஃபோர்னியாவில் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த நாலு வரி ஈமெயில் வந்த தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.